மானியம் யார் கைக்குப் போகிறது?

(கோலசிலாங்கூர் வட்டாரத் தொழிலாளர் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



அரசாங்க மானியத்தைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். கணக்கு எழுதுவதே என் தொழில். ஆகவே கணக்காகவே பேசுகிறேன்.

1952ஆம் ஆண்டில் மலாயாவில் ரப்பர் மறுநடவு நிதிச் சட்டம் வந்தது. ஏற்றுமதியாகும் ஒவ்வோர் இறாத்தல் ரப்பருக்கும் நாலரை காசு வரி பிடித்து, கிழட்டு மரங்களை வெட்டிப் புது மரம் நடுவோருக்கு உதவினார்கள். 1955இல் தோட்ட முதலாளிகளுக்கு ஏக்கருக்கு 400 வெள்ளி என்ற மானியத் திட்டமும் ஏற்பட்டது. நல்ல காரியந்தான். மறுநடவு இல்லாவிட்டால் செயற்கை ரப்பரின் போட்டியில் நம் ரப்பர் நிலைத்திருக்காது.

ஆனால் அந்த மானியம் ஏக்கரைப் பார்த்ததே தவிர, ஆளைப் பார்க்கவில்லை. புது மரம் பால் கொடுக்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்த நிரையில் பால் வெட்டியவர் என்ன செய்வார் என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. பின்னால் பல தோட்டங்கள் ரப்பரை விட்டுச் செம்பனைக்கு மாறின. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். 1917இலேயே வாணிபத்துக்காகச் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் நம் கோலசிலாங்கூரில்தானே இருக்கிறது!

இனி இன்றைய கணக்குக்கு வருவோம். 2015 முதல் ரப்பர் உற்பத்தி ஊக்கத்தொகை என்ற திட்டம் நடக்கிறது. மலேசிய ரப்பர் வாரியம் அதைக் கவனிக்கிறது. மங்கில் உறைந்த கட்டிப்பாலின் விலை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால், குறைகிற பணத்தை அரசாங்கம் கொடுக்கும். 2024ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அந்த அளவு கிலோவுக்கு 2.70 வெள்ளியிலிருந்து 3 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. விலை 2.60 என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கிலோவுக்கு 40 வெள்ளி கிடைக்கும். ஏழை வீட்டில் அது அரிசிப் பணம்.

இது சிறுதோட்டக்காரருக்கும் அங்கே பால் வெட்டுபவருக்கும் உரியது. பெரிய தோட்டத் தொழிலாளிக்கு இல்லை. “நமக்கு இதில் என்ன?” என்று கேட்பீர்கள். வேலை ஓய்வுக்குப் பிறகு, பிறர் நிலத்தில் பாதிக்குப் பாதி என்று பால் வெட்டுகிற பெரியவர்கள் நம்மிடையே இல்லையா?

அப்படி ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். பல மாதங்களாகக் கட்டிப்பால் போட்டிருக்கிறார். ரசீதெல்லாம் நிலக்காரர் பெயரில்! ஊக்கத்தொகை என்று ஒன்று இருப்பதே பெரியவருக்குத் தெரியாது. நிலக்காரர் கெட்டவரும் அல்லர். இவர் கேட்கவில்லை, அவர் கொடுக்கவில்லை. அவ்வளவுதான்.

ஆகவே தோழர்களே, மூன்று காரியம் செய்யுங்கள். வெளியே பால் வெட்டுபவர் ரப்பர் வாரியத்தில் தம் பெயரில் பாட்‑ஜி அனுமதி அட்டை எடுக்க வேண்டும். உரிமம் பெற்ற வியாபாரியிடமே விற்று, தம் பெயரில் ரசீது வாங்க வேண்டும். பங்கு பேசும்போதே ஊக்கத்தொகையின் பங்கையும் பேசிவிட வேண்டும்.

பாரம் நிரப்பத் தெரியாதென்று யாரும் தயங்க வேண்டாம். அதற்குத்தான் கிராணிகள் நாங்கள் இருக்கிறோம். பெரட்டுக் களத்தில் உங்கள் பெயரை எழுதிய கை, இந்தப் பாரத்திலும் எழுதும்.