திருவாபரணமும் கல்லும்

(இலால்குடியில் திருக்குட நன்னீராட்டு விழாவின்போது ஆற்றிய சொற்பொழிவு)

திருத்தவத்துறைப் பெருமானுக்கு அணி சாத்தும் பேறு பெற்றோர் பலர் இவண் வீற்றிருக்கின்றீர்கள். ஆதலின், பண்டை நாளில் அணி செய்தாரும் அளித்தாரும் கைக்கொண்ட ஒழுங்கினைச் சிறிது கூற விழைகின்றேன்.

நொய்யற்கரைக் கொடுமணலை அகழ்ந்தபோது, சூதுபவளமும் பளிங்கும் பெரிலும் அறுத்துத் தீட்டித் துளையிட்ட பட்டறைகள் வெளிப்பட்டன. அத்தகைய கைத்தொழில் கடலும் கடந்தது. தாய்லாந்தின் தென்கரையில், கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டினதாகிய ஓர் உரைகல் கிடைத்துள்ளது. அது பெரும்பதன் என்பானுடைய கல் என்று தமிழெழுத்தில் பொறிக்கப்பெற்றுள்ளது. அயல்நாட்டிலும் பொன்னின் மாற்றுரைக்கும் கல்லைத் தன் பெயரோடு வைத்திருந்தான் தமிழ்த் தட்டான்!

இனித் தஞ்சைக்கு வருவோம். 1010-ஆம் ஆண்டில் முதலாம் இராசராசன் இராசராசேச்சரத்து விமானத்திற்கு ஈந்த செப்புக்குடத்தின் நிறை 3083 பலம்; அதன்மேற் போர்த்த பொன் 2926½ கழஞ்சு. குன்றி இரண்டு மஞ்சாடி ஒன்று. மஞ்சாடி இருபது கழஞ்சு ஒன்று. பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்னும் கல். மணியணிகளை நிறுக்கத் தக்கணமேரு விடங்கன் என்னும் கல். நிறைகல்லுக்கும் இறைவன் திருநாமமே! அக்கல்லின்முன் பொய்யெடை கூறத் துணிபவர் யாவர்?

பொன்னணியின் உட்கூட்டில் அரக்கு நிரப்புவதும், அரக்கிலே மணி பதிப்பதும் தட்டார் வழக்கு. ஆகவே, கணக்கெழுதினோர் சரடு, சட்டம், செப்பாணி நீக்கி நிறுத்தது இது, அரக்கு உட்பட நிறுத்தது இது என்று பிரித்தெழுதினர். முத்துகளையோ வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி, குளிர்ந்த நீர், சிவந்த நீர் எனத் தரம் பகுத்தனர். மன்னர்மன்னன் ஈந்த முத்தாயினும் கறடு கறடென்றே எழுதப்பெற்றது. வயிரத்தின் புள்ளியும் முறிவும் மறைக்கப்பெறவில்லை. தமக்கையார் குந்தவைப் பிராட்டியார் கொடைக்கும் இதுவே முறை. இக்காலத்தே நன்கொடைப் பட்டியலில் "நகை ஒன்று" என்று எழுதி முடிப்பாருக்கு இது வியப்பாகத் தோன்றலாம்.

அவ்வணிகள் இன்று இல்லை. கணக்கு மட்டும் பெரிய கோயிற் கருங்கல்லில் நின்றது; அதனாலன்றோ அவை இருந்தமை நாம் அறிகின்றோம்!

ஆகலின் ஒரு விண்ணப்பம். திருப்பணிதோறும் பழைய அணிகளை உருக்கிப் புதியன செய்விக்க விரும்புவோர் உளர். உருக்குமுன் அவ்வணியின் பெயர், அமைப்பு, நிறை, மணிகளின் எண், அளித்தார் பெயர் ஆகியவற்றை ஏட்டில் ஏற்றி, படமும் எடுத்து வைத்தல் வேண்டும். இம்முறை புதிதாக அணி ஈந்துள்ள அன்பர்களும், பொன் இவ்வளவு, கல் இவ்வளவு, அரக்கு இவ்வளவு எனத் தனித்தனியே எழுதிய நிறைச்சீட்டைக் கேட்டுப் பெற்றுக் கோயில் அலுவலகத்தில் ஒரு படி சேர்ப்பிப்பார்களாக.