அடிமனை யாருடையது?

(கடையத்தில் நடந்த கூட்டத்தில் பேசியது)



வீடு கட்டும்போது வாஸ்து பார்க்கிறோம், நாள் பார்க்கிறோம், பல்லி சொல்லுக்குப் பலனும் பார்க்கிறோம். அடிமனை யாருடையது என்பதை மாத்திரம் பார்ப்பதில்லை. அதைப்பற்றித்தான் பேசப்போகிறேன்.

அமெரிக்காவுக்கு 18-ஆம் நூற்றாண்டில் வட அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் ஏழைகள் ஏராளமாய்க் கப்பலேறினார்கள். கடற்கரையோரத்தில் நல்ல நிலத்தைப் பணக்காரர்கள் பிடித்துக்கொண்டதால் அப்பலேச்சிய மலைக்காட்டிற்குள் போனார்கள். காட்டு மரத்தையே வெட்டி, முனையில் வெட்டுவாய் எடுத்து, மூலைக்கு மூலை பூட்டி, இடுக்கில் களிமண் அப்பி வீடு கட்டிக்கொண்டார்கள். ஆணிகூட அதிகம் வேண்டியதில்லை. எந்த விசுவகர்மாவும் வந்து சாஸ்திரம் சொல்லவில்லை! அந்த மண் பூர்வகுடிகளிடம் பறித்த மண் என்பதை நான் மறைக்கவில்லை. ஆயினும் 1862-இல் அந்நாட்டுச் சர்க்கார், மேற்கே 5 வருஷம் குடியிருந்து உழுதவனுக்கு 160 ஏக்கர் வரை சொந்தம் என்று சட்டமே செய்தது.

நம்மவன் காடு வெட்டவில்லையா? திருநெல்வேலி முதலிய ஜில்லாக்களிலிருந்து கங்காணிக்குப் பின்னால் இலங்கைக்குப் போனவன், மலையை அழித்துக் காப்பியும் தேயிலையும் உண்டாக்கினான். அவனுக்குக் கிடைத்தது சுமார் 10 அடிக்கு 12 அடி லயத்துக் காம்பிரா. 1948-இல் அவர்களில் மிகப் பலருக்குப் பிரஜா உரிமையும் போயிற்று.

இலங்கைக்குப் போவானேன்? நமக்குத் தெற்கே, மணிமுத்தாற்றுக்கு மேலே மாஞ்சோலை இருக்கிறது. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் அங்கே 8,373 ஏக்கரை 99 வருஷக் குத்தகைக்குப் பம்பாய் பர்மா கம்பெனிக்கு விட்டது. கீழேயிருந்து ஏழைகள், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட ஜாதியார், மலையேறினார்கள். அட்டைக்கடியிலும் மழையிலும் காடு வெட்டித் தேயிலை நட்டார்கள். ஊரில் ஜாதி இழிவு. மலையில் அது கொஞ்சம் குறைந்ததென்று தலைமுறை தலைமுறையாய் அங்கேயே இருந்தார்கள். மண் சர்க்காருடையது, வீடு கம்பெனியுடையது. உழைப்பு ஒன்றுதான் இவர்களுடையது!

கூலி உயர்வு முதலியவை கேட்டு 1999 ஜூலை 23-இல் திருநெல்வேலியில் ஊர்வலம் போனபோது போலீஸ் தடியடிக்கு ஓடித் தாமிரபரணியில் 17 பேர் மாண்டார்கள். அதில் ஒன்று கைக்குழந்தை. 2024-இல் கம்பெனி, விருப்ப ஓய்வு என்று பெயர் சொல்லி, வேலையை முடித்துக்கொண்டு வீட்டைக் காலி செய்யச் சொல்லிற்று. ராகுகாலம் பார்த்துக் குடிபுகுந்தவனுக்கும் பாராமல் புகுந்தவனுக்கும் வந்தது ஒரே நோட்டீசுதான்.

கீழே மாத்திரம் என்ன வாழ்ந்தது? பண்ணையார் மனையில் மண்சுவர் வைத்துப் பனையோலை வேய்ந்தவன், எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் கூரையைப் பிரித்துப் போட்டார்கள். பகவான் வந்து தடுக்கவில்லை. 1971-ஆம் வருஷத்துக் குடியிருப்புச் சட்டம்தான் விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையைச் சொந்தமாக்கியது.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் மனைப்பட்டாவைக் கண்ணால் கண்டிருக்கிறீர்கள்? ஜாதகத்தைப் பத்திரமாய் வைத்திருக்கிற பெட்டியில் அது இருக்கிறதா என்று இன்று இரவே பாருங்கள். இல்லாதவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். தாலுகா ஆபீசுக்கு மனு எழுதித்தர இரண்டு தோழர்கள் காகிதத்தோடு வந்திருக்கிறார்கள்.