தாது வருஷத்துக் கஞ்சியும் சேத்துப்பட்டுக் கோயிலும்

திருவண்ணாமலை என்றதும் அண்ணாமலையார் கோபுரமும், கார்த்திகைத் தீபமும், பௌர்ணமிதோறும் மலையை வலம்வரும் ஜனத்திரளும், ரமணாசிரமமும் உங்கள் மனக்கண்முன் தாமாகவே வந்து நின்றுவிடுமாதலால், அவற்றை வர்ணிக்கும் சிரமம் எனக்கில்லை. நான் உங்களை அழைத்துச் செல்ல விரும்புவது போளூர் வழியாகச் சேத்துப்பட்டுக்குப் போகும் சாலை. பிப்ரவரி 11-ஆம் தேதி லூர்து மாதா திருநாளையொட்டி, வேலூர் மேற்றிராசனத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடும் வேண்டுதல்களோடும் திரண்டு செல்லும் சாலை அது.

போளூரில் அவித்த மல்லாக்கொட்டை ஒரு பொட்டலம் வாங்கிக்கொள்ளுங்கள். தோலை உரித்துக்கொண்டே ஜன்னல் வழியே கொல்லைகளைப் பார்த்து வரலாம். வானத்தை நம்பியே வாழும் இந்த மண்ணை 1876-இல் மழை அடியோடு கைவிட்டது. அதுதான் நம் பாட்டிமார் சொல்லக் கேட்ட தாது வருஷப் பஞ்சம். சென்னை ராஜதானியில் லக்ஷோபலக்ஷம் பேர் மாண்டுகொண்டிருந்த அந்நாளில், நிவாரண வேலைக்கு வந்த கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சொற்பக் காசும் போதும் என்று பஞ்ச நிவாரணத்துக்காக இந்திய சர்க்கார் அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள் துரை கணக்குப் போட்டார் என்பதைச் சரித்திரத்தில் படிக்கும்போது, கையிலுள்ள கடலைகூடத் தொண்டையில் இறங்க மறுக்கிறது.

அந்தப் பஞ்சகாலத்தில் சேத்துப்பட்டை மையமாகக் கொண்டு உழைத்தவர், பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக் குருவான தராஸ் சாமியார். பஞ்சத்தையொட்டிய ஆண்டுகளில், பிறர் நிலத்தில் உழைத்தும் ஊர்க்கிணற்றில் நீர்மொள்ளும் உரிமையற்றிருந்த சேரிமக்கள் ஆயிரக்கணக்கில் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றார்கள். கஞ்சிக்காக வந்தவர்கள் என்று அப்போதே ஏளனம் செய்தவர்கள் உண்டு. பசித்தவன் கஞ்சியைத் தேடி வந்தான் என்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஆனால் கஞ்சிக்காக மட்டுமே வந்தவன் மழை பெய்து தானியம் விளைந்ததும் போயிருக்க வேண்டுமல்லவா? அவன் சந்ததியார் இன்றும் அங்கே மாதாவின் சப்பரத்தைத் தோளில் சுமக்கிறார்களே!

அவர்களை நிலைநிறுத்தியது யாரென்று கேட்டால், நான் உபதேசியாரைத்தான் சொல்லுவேன். ஒரு குருவானவருக்குப் பல கிராமங்கள். பூசைக்கு அவர் வந்து போவது எப்போதோ ஒரு நாள். மற்ற நாட்களிலெல்லாம் கூரைக் கோயிலில் மணியடித்து ஜெபம் சொல்லுகிறவர், பிள்ளைகளுக்கு மந்திரங்களோடு அரிச்சுவடியையும் கற்பிக்கிறவர், சாவு வீட்டில் முன்னின்று நல்லடக்கம் செய்விக்கிறவர், புருஷன் பெண்சாதி சண்டையைத் தீர்த்துவைக்கிறவர் எல்லாம், சொற்பச் சம்பளம் வாங்கிய அந்த உபதேசியார்தாம். அவருக்குச் சிலை கிடையாது. சரித்திரப் புஸ்தகங்களில் பெயரும் அபூர்வம்.

மேலிடத்து மாறுதல்களோ ஒழுங்காகவே பதிவாகியிருக்கின்றன. புதுச்சேரி அதிமேற்றிராசனத்தின்கீழ் இருந்த, சேத்துப்பட்டை உள்ளடக்கிய வடார்க்காடு, 1928-ஐ ஒட்டிச் சென்னையோடு சேர்ந்து சலேசிய சபையாரின் பராமரிப்புக்கு வந்தது. 1952-இல் வேலூர் தனி மேற்றிராசனமாயிற்று. சலேசியரான பாப்லோ மரியசெல்வம் முதல் மேற்றிராணியாரானார். புதுச்சேரியானாலும் சென்னையானாலும் வேலூரானாலும், கிராமத்தில் விடியற்காலை மணியை அடித்த கை மாறவில்லை என்பதே நான் சொல்ல வந்தது.

அடடா, பேச்சு நேரம் முடியப் போகிறது. உங்களைச் சேத்துப்பட்டுக் கோயில் வாசலில் இறக்கிவிடவே இல்லையே! மாதா கெபியையும், தொழுநோயாளருக்குத் தொண்டு செய்து பெயர்பெற்ற புனித தோமையார் ஆஸ்பத்திரியையும் நீங்களே விசாரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வழியில் ஏதாவதொரு சிற்றூர்க் கோயிலில் இறங்கினால், கட்டிய சாமியார் யாரென்று கேட்பதோடு நிற்காமல், இங்கே உபதேசியாராக இருந்தவர் யார் என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் சொல்ல ஊரே கூடிவிடும், அடுத்த பஸ்ஸையும் நீங்கள் தவறவிடுவீர்கள்.