வீட்டைத் தாங்கிய மூதாட்டியர்

(நமது ஜமாஅத் ஆண்டு விழாவில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சற்று முன்பு ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டது. இவ்வாண்டு வஃபாத்தானவர்களின் பட்டியலும் வாசிக்கப்பட்டது. ஆண்களுக்குப் பெயரும் தொழிலும் இருந்தன. மூதாட்டியர் சிலருக்கு 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் தாயார்' என்பதோடு வரி முடிந்துவிட்டது. அந்த வரிக்குள் அடங்காத வாழ்க்கையைப் பற்றியே சில வார்த்தைகள் பேச விரும்புகிறோம்.

விருதுநகர் சுலோச்சனா தெருவில், காமராஜர் வாழ்ந்த வீடு இன்று நினைவில்லமாக இருக்கிறது. உங்களில் பலர் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டியிருப்பீர்கள். அங்கே பார்ப்பவர்கள் அந்தத் தலைவரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அவ்வீட்டைத் தாங்கிய இரு பெண்களையும் நாம் பார்க்க வேண்டும். 1903 ஜூலை 15இல் பிறந்த அக்குழந்தைக்கு ஆறு வயதானபோது தந்தையார் குமாரசாமி காலமாகிவிட்டார். எஞ்சியவர்கள் பாட்டி பார்வதி அம்மாள், இளவயதில் கைம்பெண்ணான தாய் சிவகாமி அம்மாள், அவனுடைய தங்கை நாகம்மாள். சிவகாமி அம்மாள் காதுத் தோட்டைத் தவிர மற்ற நகைகளைக் கழற்றிவிட்டார். அதன் பணத்தை உள்ளூர் வணிகர் ஒருவரிடம் கொடுத்து வைத்து, மாதந்தோறும் வந்த வட்டியில் குடும்பத்தை நடத்தினார். (வட்டி பற்றிய மஸ்அலா நாம் அனைவரும் அறிந்ததே, அதை விவாதிக்க இங்கே வரவில்லை.) முதலைத் தொடாமல் பிள்ளைகளை வளர்க்க வேண்டும் என்று அந்தப் பெண் போட்ட கணக்கைத்தான் கவனிக்கச் சொல்கிறோம்.

பாட்டி பார்வதி அம்மாளோ, கணவரையும் மகனையும் இழந்த பிறகு பேரனையே நம்பியிருந்தார். பேரன் 1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டு அலிப்பூர்ச் சிறையில் இருந்தபோது, பாட்டியார் நோயுற்றுப் படுத்து, அவரைக் காண ஏங்கினார். பரோலில் வரும்படி உறவினர் வற்புறுத்தியும் பேரன் மறுத்துவிட்டார் என்று அவருடைய வரலாற்றில் எழுதப்பட்டுள்ளது. எழுதியவர்கள் பேரனின் உறுதியைப் பாராட்டினார்கள். பாராட்டத் தக்கதுதான். ஆயினும் வாசற்படியைப் பார்த்துப் படுத்திருந்த அந்த மூதாட்டியின் பக்கம் நம் மனம் சாய்கிறது.

மூதாட்டியரைப் புகழும்போது 'தியாகம்' என்ற சொல் எளிதாக வாயில் வந்துவிடுகிறது. அச்சொல் அவர்களுடைய அறிவையும் உழைப்பையும் மறைத்துவிடுகிறது என்பது நம் கருத்து. நம் நன்னியைப் பற்றிச் சொன்னால் இது விளங்கும்.

மழை பொய்த்துப் போகும் கரிசல் பூமி நம்முடையது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய பிறகு, பயிர் கைவிட்ட குடும்பங்களுக்கு ஒரு கூலி கிடைத்தது. ஆலைக்குப் போக இயலாத பெண்களின் வீட்டுத் திண்ணைக்கும் அந்த வேலை வந்தது. நன்னி சுப்ஹு தொழுதவுடன் மைதா மாவில் பசை காய்ச்சுவார். பூச்சி அரிக்காதிருக்க அதில் மயில்துத்தம் கலப்பார். பிறகு காலை மடக்கி உட்கார்ந்தால் உள்பெட்டியும் மேல்பெட்டியுமாக ஒட்டிக்கொண்டே இருப்பார். 144 பெட்டி ஒரு குரோஸ். கூலி குரோஸ் கணக்கில். இடையே எழுந்து சோறு வடிப்பார், ஆட்டுக்குக் குழை போடுவார், பேரப்பிள்ளைகளின் தலையைப் பார்ப்பார். மீண்டும் உட்காரும்போது விட்ட எண்ணிக்கையை அவர் மறந்து நாம் பார்த்ததில்லை. எழுதப்படிக்கத் தெரியாதவர்.

அந்நாட்களில் விடியுமுன் தீப்பெட்டி ஆபீஸ் பஸ்கள் ஊர் ஊராக வரும். நம் வயதுப் பிள்ளைகள் தூக்கம் கலையாமல் தூக்குச்சட்டியோடு ஏறுவார்கள். பிள்ளை பிடிக்கும் ஏஜெண்டு ஒருவர் நம் வாசலுக்கும் வந்து, முன்பணம் தருவதாகச் சொன்னார். வீட்டில் கடன் இருந்தது. நம் தந்தையாரும் தயங்கினார். நன்னி பசைக்கையைத் துடைக்காமலே கேட்டார்: "அவனுக்கு வாரத்துக்கு எம்புட்டுத் தருவ?" தொகையைச் சொன்னார்கள். "அதுக்கு எத்தன குரோசு வரும்னு எனக்குத் தெரியும். அத நான் ஒட்டிர்றேன். அவன் ஓதட்டும்."

அவ்வளவுதான் பேச்சு. அன்றிலிருந்து இஷாவுக்குப் பிறகும் விளக்கு வைத்து ஒட்டினார். சிவகாசித் தொழிலில் பிள்ளைகளை அமர்த்தியது பற்றிய வழக்கில், அமர்த்துவோர் ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996 டிசம்பர் 10இல். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே திண்ணையில் தீர்ப்புச் சொன்னவர் நன்னி. நாம் மதரஸாவுக்குப் போனதும், இன்று உங்கள் முன் நிற்பதும் அந்தக் கூடுதல் குரோஸ்களால்தான்.

இவை பழைய கதைகள் என்று எண்ணிவிட வேண்டாம். 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் நாற்பது பேரளவில் மாண்டனர். 2021 பிப்ரவரி 12இல் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய செய்திகளில் இறந்தோர் எண்ணிக்கை வரும், நிவாரணத் தொகை வரும். ஐம்பது, அறுபது வயதில் மறுபடியும் தாயாகிவிடும் பாட்டிமார்களின் எண்ணிக்கை எந்தச் செய்தியிலும் வருவதில்லை.

சென்ற மாதம் கல்வி உதவி மனுக்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மனுவில் பாதுகாவலர் என்ற இடத்தில் பாட்டியின் கைநாட்டு இருந்தது. 'தொழில்' என்ற இடத்தில், மனுவை எழுதிக் கொடுத்தவர் 'இல்லை' என்று எழுதியிருந்தார். அந்த அம்மாளை அழைத்து விசாரித்தோம். "காலையில ஆபீஸ்ல பெட்டி அடைக்கேன் அஜ்ரத். சாயங்காலம் ரெண்டு வீட்ல பாத்திரம் வெளக்குறேன். வேலைன்னு ஒண்ணும் இல்ல" என்றார்.

'இல்லை' என்பதை அடித்துவிட்டு, அவர் சொன்ன இரண்டு வேலைகளையும் அந்த இடத்தில் எழுதி, செயலாளரிடம் கொடுத்திருக்கிறோம்.