நமது கிணறும் நமது கடமையும்
(பங்கின் யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டில் நாம் பெற்றுக்கொண்ட நன்மைகளை எண்ணிப் பார்ப்பது வழக்கம். கோவிலையும் பாடசாலையையும் எண்ணுகிறோம். அவற்றைக் கட்டச் சாந்து குழைத்த தண்ணீரை எண்ணுவதில்லை. அதைப் பற்றியே சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை. வழுக்கையாறுகூட மாரியில் மட்டுமே ஓடுவது. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழை, சுண்ணக்கற்பாறையின் வெடிப்புகள் வழியே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. அதுவே நமது கிணற்று நீர். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை நீங்கள் அறிவீர்கள்.

இங்கே ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும். மேலே 1 அடி குறைந்தால், காலப்போக்கில் கீழிருந்து 40 அடி உவர் ஏறும்.

என் தகப்பனார் துலா மிதித்து வெங்காயத்துக்கு இறைத்தார். நாங்கள் இயந்திரம் பூட்டிப் பகல் முழுவதும் இறைத்தோம். சில வருடங்களில் வீட்டுத் தேநீர் கரித்தது. குற்றம் மழையின்மேல் அல்ல; எங்கள்மேல்.

மற்றொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. அளவுக்கு மிஞ்சிய யூரியாவும் மலசலகூடக் குழியின் கழிவும் நைத்திரேற்றாக மாறிக் கிணற்றை அடைகின்றன. உலக சுகாதார நிறுவனம் கூறும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். குடாநாட்டின் பல கிணறுகள் அதைத் தாண்டியுள்ளன. அந்நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் சக்தியை இழக்கக்கூடும். தாய்மாரே, கொதிக்க வைப்பதால் இது நீங்காது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடவே செய்யும். ஆகவே கிணற்று நீரைப் பரிசோதிப்பியுங்கள்.

நீரேரிகளை நன்னீராக்கும் திட்டத்தைப் பொறியியலாளர் ஆறுமுகம் வகுத்தார். அது அரசின் வேலை. நம் வளவுக்குள் நாம் செய்யக்கூடியவை வேறு. விட்டு விட்டு இறைப்போம். பசளையை அளந்து போடுவோம். குழியைக் கிணற்றிலிருந்து தூரத்தில், கசியாதபடி கட்டுவோம். குளத்தில் குப்பை கொட்டாமல், கோடையில் தூர் வாருவோம். குளம் நிறைந்தால் அயற்கிணறுகளும் ஊறும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். 1,000 சதுர அடிக் கூரையில் 1 அங்குல மழை பெய்தால் 2,300 லீற்றருக்கு மேல் நீர் கிடைக்கும். நமது கோவில் கூரையோ அதைவிடப் பெரிது. அதன் நீர் தெருவில் ஓடிப் போகிறது. வருகிற ஐப்பசிக்கு முன் அதற்கு ஒரு தொட்டி கட்டுவோம். தொட்டி நிறைந்து வழிவது நிலத்துக்குள் இறங்க ஒரு குழியும் வெட்டுவோம். யூபிலியின் ஞாபகச் சின்னமாக அதுவே இருக்கட்டும்.