நித்தியகல்யாணி காத்த இரகசியம்



வீட்டு வாசலில் எவரும் நீர் வார்க்காமலே பூத்து நிற்பதும், தூத்துக்குடிச் சீமையின் மானாவாரி நிலங்களில் இலைக்காகவும் வேருக்காகவும் பயிரிடப்படுவதுமாகிய நித்தியகல்யாணி, மடகாஸ்கர் தீவைப் பூர்வீகமாகக் கொண்டது. அதன் கசப்பான இலையில் நீரிழிவுக்கு ஔஷதம் தேடப் புகுந்த கனடா தேசத்து விஞ்ஞானிகள் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும், தேடியதைக் காணாது, 1958-ஆம் ஆண்டில் புற்றுநோயை அடக்கும் வின்பிளாஸ்டினைக் கண்டனர். அதில் ஒரு கிராம் பெற ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும் என்பதே பின்வந்தோரின் விசாரமாயிற்று.

இத்துணை சொற்பமாக அது உண்டாவானேன்? வின்பிளாஸ்டின் இரு பாதிகள் கூடிப் பிறப்பது. கேதராந்தின் என்னும் பாதி இலையின் மேற்புறத்து மெழுகுப் படலத்தில் போய்ப் படிய, விண்டோலின் என்னும் மறுபாதி உட்திசுவிலேயே தங்கிவிட, ஒரே வீட்டில் வாழ்ந்தும் முகம் கொடுத்துப் பேசாத ஓரகத்திகளைப்போல் இரண்டும் விலகியே நிற்கின்றன.

செடியின் பல்லாயிரம் மரபணுக்களுள் இவற்றைச் சமைப்பவை எவை என அறிய வேண்டுமாயின், ஏற்கெனவே தெரிந்த மரபணு தொழிற்படும் திசுவில் உடன் தொழிற்படுபவற்றைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக அவற்றை இலையில் அடக்கி, எந்த இடைப்பொருள் தேங்குகிறது என்று அளந்து பார்க்க வேண்டும். சில இடைப்பொருள்களோ, அளப்பதற்குள் சிதைந்துபோகும் சஞ்சல சுபாவம் உடையவை! ஆதலின், இப்பாதிகள் உருவாகும் தொடரில் விடுபட்டிருந்த கண்ணிகளை இங்கிலாந்தின் நார்விச் நகரத்து ஜான் இன்னஸ் மையத்தில் சாரா ஓ'கானர் குழுவினர் கண்டு வெளியிட 2018-ஆம் ஆண்டு ஆகிவிட்டது. 2022-இல் விஞ்ஞானி ஜே கீஸ்லிங்கின் குழுவினர், ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட்டில் அம்மரபணுக்களைப் புகுத்தி, இரு பாதிகளையும் அதிலேயே விளைவித்துக் காட்டினர். உலகம் வியப்பது ஈஸ்ட்டை. என் அபிப்பிராயத்தில் பெருமை, வழியே தெரியாத காலத்தில் கண்ணி கண்ணியாய்த் தேடியவர்க்கே உரியது.

இனி ஒரு சங்கடம். தாவரத்தைப் பயன்கொள்வோர் அதனைப் பேணியவர்க்கு ஆதாயத்தில் பங்கு தரவேண்டும் என்பது நம் நாட்டு 2002-ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின் நோக்கம். இலை கப்பலேறினால் மூட்டையை எண்ணலாம். மரபணுவின் எழுத்து வரிசை கணினி வழியே கடல் கடக்கும்போது எதை எண்ணுவது? ஈஸ்ட் தொட்டியே மருந்து முழுவதையும் தரும் நாள் வருமாயின், மூட்டை கட்டி இலை விற்ற மானாவாரி விவசாயிக்கு வழி என்ன? சட்டம் பயின்றவரிடம் மட்டும் இதனை விட்டுவிட எனக்கு மனமில்லை. அந்த எழுத்து வரிசையைப் படிக்கத் தெரிந்தவர்கள், இன்று பட்டம் பெறும் மாணவர்களாகிய நீங்கள்.