முதல் காசு குளியலறைக்கே!



பழைய வீட்டை எடுத்துக் கட்டும்போது முதல் காசு வரவேற்பறைக்கா, குளியலறைக்கா? இதுதான் இந்தப் பட்டிமன்றத்தின் கேள்வி. எதிரணி அண்ணன் கேட்டார்: "சித்திரைத் திருவிழாவுக்குச் சொந்தபந்தம் வரும், முன்வீடு பளிச்சென்று இருக்க வேண்டாமா?" அண்ணே, நம் மதுரையின் அந்தத் திருவிழாவையே எடுத்துக்கொள்வோம். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க விடியுமுன் போய், வைகைக் கூட்டத்தில் நின்று, தண்ணீர் பீய்ச்சுவதில் நனைந்து, காலெல்லாம் மணலோடு திரும்புகிற அத்தை வாசலிலேயே என்ன கேட்பார்? "பாத்ரூம் எந்தப் பக்கம்த்தா?" என்பார். உங்கள் சோபாவை அதற்கப்புறம்தான் பார்ப்பார்.

மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் எத்தனையோ வீடுகள் ரயில்பெட்டி மாதிரி நீளம். குளியலறை கடைக்கோடியில், வெளிச்சம் எட்டாத மூலையில். எங்கள் வீடும் அப்படித்தான். என் அப்பத்தா அங்கேதான் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. அதற்குப்பின் அவர் தானாக எழுந்து நடக்கவே இல்லை. கீழே விழுவதால் மட்டும் உலகில் ஆண்டுக்கு 6,84,000 பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. எனக்கு அந்தக் கணக்கு, ஈரத் தரையில் கிடந்த அப்பத்தாவின் முகம். சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடிக் கம்பி, காலுக்குச் சொரசொரப்பான டைல்ஸ், வாசற்படி இல்லாத தரை, ராத்திரிக்கு ஒரு விளக்கு. ஷோகேஸ் செய்கிற காசில் இத்தனையும் முடிந்துவிடும்!

"குளியலறைக்குப் போடுகிற காசு கண்ணுக்குத் தெரியாது" என்றார் அண்ணன். ஆமாம், தெரியாதுதான். டைல்ஸுக்கு அடியில் கிடக்கிற வேலைதானே அங்கே உண்மையான வேலை! பக்கத்து அறைச் சுவரில் ஓதம் ஏறி, சுண்ணாம்பு உப்பிக் கொட்டுகிறதே, எங்கிருந்து வருகிறது? துருப்பிடித்த பழைய இரும்புக் குழாயிலிருந்து வரும்; நீர்க்காப்புப் பூச்சு இல்லாத தரையிலிருந்து வரும். முன்வீட்டுக்குப் பெயின்ட் அடித்துவிட்டு அப்புறம் பாத்ரூமை இடித்தால், அதே சுவரை மறுபடி சுரண்டிப் பூச வேண்டியதுதான்.

அதனால் இடிக்குமுன் ஒரு தாளில் வரையுங்கள். ஷவர் எங்கே, கீசர் எங்கே, தண்ணீர் எந்த மூலைக்கு ஓடவேண்டும்? பிளம்பரும் எலக்ட்ரீசியனும் கொத்தனாரும் ஒரே நாளில் வந்து, அந்தத் தாளை நடுவில் வைத்துப் பேசட்டும். கீசருக்குத் தனி லைனும் எர்த்தும் கேட்டு வாங்குங்கள். கொத்தனார் ரசமட்டம் வைக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஐந்தடிக்கு முக்கால் அங்குலமாவது வாட்டம் வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் தேங்கும். போர் தண்ணீர் உப்பானால் தேங்கிய இடமெல்லாம் வெள்ளை படியும். நீர்க்காப்புப் பூசிக் காய்ந்ததும், போக்குத் துளையை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் கட்டிவையுங்கள். கீழே கசியவில்லை என்று கண்ணால் பார்த்தபின்தான் டைல்ஸ். "வேலை தள்ளிப்போகுதுங்க" என்பார்கள். போகட்டும்!

இன்னொன்று. இதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன். அழகுக்காகச் சிலர் சாக்கடைச் சேம்பர் மூடிமேலேயே டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். அடைத்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுவீர்கள்? உள்ளே இறங்க ஒரு மனிதனைத்தானே! எடுப்புக் கக்கூஸை ஒழிக்க 1993இல் ஒரு சட்டம். பாதுகாப்பில்லாமல் மனிதனைச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறக்கக் கூடாது என்று 2013இல் இன்னொரு சட்டம். சட்டம் வந்த பிறகும் இறக்குகிறார்கள். விஷவாயுவில் உயிர் போகிறது. நம் வீட்டு மூடியைக் கை எட்டும்படி விட்டால், மூங்கில் தப்பையோ இயந்திரக் குழாயோ மேலிருந்தே உள்ளே போகும். மனிதன் இறங்க வேண்டியதில்லை. அந்த மூடிக்கு ஆகிற செலவு, நடுவர் அவர்களே, அண்ணன் வீட்டு வரவேற்பறையில் தொங்குகிற விளக்கின் விலையில் கால்வாசிகூட வராது.

எங்கள் வீட்டுச் சேம்பர் மூடி இன்று கொல்லையில் எல்லார் கண்ணிலும் படும்படி இருக்கிறது. போன ஐப்பசி மழையில் அடைத்துக்கொண்டது. வந்த தம்பி மேலே நின்றபடியே குழாயை விட்டு எடுத்தார். கை கழுவிவிட்டு, எங்கள் திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுத்தான் போனார்.